கிணற்றடியில் புதைத்த கொம்பியூட்டர்

பெரியம்மா என்னைப் பார்த்துச் சிரித்தபோதுதான் அந்த யோசனை வந்தது.

நேரில் அல்ல. திரையில்.

கிளிநொச்சியில் நான் படிப்பிக்கும் கொம்பியூட்டர் வகுப்பில் ஒரு மெஷின் படுத்துவிட்டது. புதிது கேட்டால் நிர்வாகம் கூட்டம் வைக்கும். கூட்டத்துக்குத் தேத்தண்ணி வரும், வடை வரும் - கொம்பியூட்டர் மட்டும் வராது. ஆகவே நேரே பழைய இரும்புக் கடைக்குப் போனேன். உடைந்த தண்ணீர்ப் பம்புகள், ட்ரக்டர் மட்கார்ட், சைக்கிள் ரிம், கூரைத் தகரம்... நடுவில் சீமெந்துக் கல் அடுக்கியதுபோல சிபியு பெட்டிகள்.

“எது அண்ணை நல்லது?”

“எல்லாம் நல்ல இரும்பு தங்கச்சி.”

“உள்ளுக்கு என்ன இருக்கெண்டு பார்க்கிறேல்லையோ?”

“உள்ளுக்கு என்ன இருந்தாலும் தராசு ஒண்டைத்தான் காட்டும்.”

ஒன்றை நிறுத்து வாங்கி வந்தேன். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி என் மெஷினில் கொழுவினேன். பாஸ்வேர்ட் கேட்கவில்லை, மறுக்கவில்லை. திறந்துகொண்டது.

ஏதோ ஒரு வீட்டுத்திட்டத்தின் பழைய கோப்புகள். கோப்பு நிறையச் சனம். பாதி எழும்பின சுவருக்கு முன்னால், நெஞ்சில் இலக்கப் பலகையைப் பிடித்தபடி, என் பெரியம்மா! பக்கத்திலேயே அவரது அடையாள அட்டை, பெருவிரல் அடையாளம், வங்கிப் புத்தகத்தின் முதற் பக்கம், வீட்டில் யாருக்கு என்ன நோய் வருத்தம் என்ற விவரம். பெரியப்பாவுக்கு ஒரு வருத்தம் இருக்கிறதாம். என்ன வருத்தம் என்று இங்கே எழுதமாட்டேன். எங்கள் அம்மாவுக்கே தெரியாத விஷயம் அது. இரும்புக் கடையில் கிடந்திருக்கிறது.

உடனே போன் எடுத்தேன்.

“பெரியம்மா, உங்கட பாங்க் புத்தக நம்பரைச் சொல்லட்டோ?”

“உனக்கு ஆரடி தந்தது?”

“இரும்புக் கடை அண்ணை.”

“இரும்புக் கடைக்காரனிட்ட நான் ஏன் பாங்க் புத்தகத்தைக் குடுக்கிறன்? உனக்கென்ன, விசரே?”

விசர்தான். அன்றிலிருந்து பழைய டிஸ்க்குகளை அழிக்கிற பைத்தியம்தான் எனக்குப் பிடித்தது.

கொஞ்சம் பொறுங்கள், ஒரு நிமிடம் வாத்தியார் வேலை பார்த்துவிடுகிறேன். ஒரு கோப்பை டிலீட் பண்ணினால் அது அழிவதில்லை. ஒழுங்கை என்னும் சிறு தெருவின் முகப்பில் நிற்கும் பெயர்ப்பலகையைப் பிடுங்கி எறிந்தால், ஒழுங்கைக்குள் இருக்கும் வீடுகள் இல்லாமற் போய்விடுமா? அதே கதைதான். பலகை இல்லை, வீடுகள் இருக்கின்றன. தேடிப் போகிறவன் போகலாம். அதன் மேல் வேறு எதையாவது முழுக்க எழுதி நிரப்பினால்தான் பழையது உண்மையாகவே போகும். அதற்கென்று மென்பொருள்கள் உண்டு. இலவசமாகவே உண்டு.

சரி, இது கொழும்பிலும் உள்ள பிரச்சினைதானே என்பீர்கள். இல்லை. சண்டை முடிந்த பிறகு வன்னியில் படம் எடுக்கப்படாத சனம் உண்டா? எங்களிடம் வந்து பெயர் கேட்டு, வயது கேட்டு, இழப்பைக் கேட்டு எழுதிக்கொண்டு போகாத வாகனம் உண்டா? கேட்டவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் திட்டம் முடியும், கந்தோர் பூட்டப்படும், வாகனம் தெற்கே போகும். கொம்பியூட்டர் மட்டும் இங்கேயே நிற்கும். அதை ரிபன் கட்டி, சந்தனம் வைத்து, ஒரு முன்பள்ளிக்கு அன்பளிப்பாகக் கொடுத்துப் படம் எடுப்பார்கள். முன்பள்ளியிடமிருந்து இரும்புக் கடைக்கு. அங்கே செம்புக்காக வயரைக் கொளுத்துவார்கள். அந்த மணத்தை மூக்கில் வாங்காமல் வீதியால் போகமுடியாத நாட்கள் உண்டு. இரணைமடு வாய்க்காலில் ஒரு மொனிட்டர் குப்புறக் கிடந்தது. அதன்மேல் கொக்கு ஒன்று நின்று மீன் பார்த்துக்கொண்டிருந்தது. நான் என் கண்ணால் கண்டது.

கொழும்பின் பழையது எங்களுக்கு அன்பளிப்பாக வரும். எங்களின் பழையது போவதற்கு இடம் இல்லை.

ஒவ்வொரு அலுவலகமாக, கந்தோர் கந்தோராக ஏறி இறங்கினேன். “டிஸ்க்கை முறையாக அழித்துத் தருகிறேன், மிச்சத்தைப் பிரித்து மீள்பாவனைக்கு எடுக்கிற இடத்துக்கு அனுப்பித் தருகிறேன், காசு வேண்டாம்” என்றேன். காசு வேண்டாம் என்றதும்தான் எல்லோருக்கும் சந்தேகம் வந்தது.

ஒருவர், “‘ரீசைக்கிள் பின்’ தொட்டிக்குள்ள போட்டாச்சு தங்கச்சி, இனி அது தானாப் போயிடும்” என்றார். இன்னொருவர் பெட்டியின் மேல் ‘இரகசியம்’ என்று மை பேனையால் எழுதியிருந்ததைக் காட்டினார். வயதான எழுதுவினைஞர் ஒருவர் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார்.

“அழிக்கிறதுக்கும் படிச்சிட்டு வந்திருக்கிறியளோ பிள்ளை? எங்களுக்கு அது படிக்காமலே நடந்தது.”

வீட்டுக்கு வந்து, பத்திரிகையில் வரும் என் இந்தப் பத்தியில் எழுதினேன். ஞாபகம் இருக்கிறதா உங்களுக்கு? ‘உங்கள் பழைய கொம்பியூட்டர் ஒருவர் கையிலும் அகப்படக்கூடாது’ என்று முடித்திருந்தேன். அந்த வரியில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அதற்கு ஒரே ஒரு ஆள் போன் எடுத்தார். முல்லைத்தீவுப் பக்கம் ஒரு பெண்கள் அமைப்பின் இணைப்பாளர், ரஜனி அக்கா.

“தங்கச்சி, எங்கட கந்தோரைப் பூட்டப் போறம். இனி நிதி இல்லை எண்டிட்டினம். இந்த மெஷினுகளுக்குள்ள பெண்டுகள் சொன்ன கதையள் கிடக்கு. வெளியில ஒரு எழுத்துப் போகக்கூடாது. வந்து அழிச்சுத் தருவியளோ?”

எனக்கு நிலத்தில் கால் பாவவில்லை! கடைசியில் ஒருவருக்கு விளங்கிவிட்டதே. வருகிறேன் என்றேன். ஆனால் வகுப்புப் பரீட்சை, பிறகு விடாத மழை, பிறகு காய்ச்சல்... இழுபட்டு இழுபட்டு, போன வாரம்தான் பஸ் ஏறினேன்.

சிறிய கந்தோர். சுவரில் ஆணிகள் மட்டும் மிச்சம். படங்களைக் கழற்றிக் கட்டி வைத்திருந்தார்கள். ரஜனி அக்கா மெலிந்த, வேகமான மனுஷி. கதைக்கும்போது மேசையில் இருப்பதை எல்லாம் நேராக்கிக்கொண்டே கதைப்பார். கந்தோரைக் காவல் காக்கும் வோச்சர் மணியண்ணை எனக்கு ஒரு கதிரையைத் துடைத்துப் போட்டார். அவருடைய பெற்றோர் மலைநாட்டில் கொழுந்து பறித்தவர்களாம். கலவரத்தோடு இறங்கி வன்னிக்கு வந்து காடு வெட்டி வயல் செய்தவர்களாம். ஐந்து நிமிடத்துக்குள் இவ்வளவும் சொல்லிவிட்டார்.

“இவதான் அந்தத் தங்கச்சியோ? உங்கட எழுத்தை அக்கா எனக்கு வாசிச்சுக் காட்டினவா. நல்ல விளக்கம்.”

சொல்லவா வேண்டும்? எனக்கு உச்சி குளிர்ந்தது.

மடிக்கணினிகளை வரிசையாக வைத்து அழிப்பு வேலையைத் தொடங்கினேன். திரையில் பச்சைக் கோடு ஊரத் தொடங்கியது. அப்போதுதான் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஓர் அம்மா உள்ளே வந்தார். நீலச் சேலை, கழுத்தில் செபமாலை, கையில் ஒரு பிளாஸ்ரிக் உறை.

“கந்தோர் பூட்டுறியளாம் எண்டு கோயிலடியில கதைச்சினம் ரஜனி. அதுதான் வந்தனான். யூட்டின்ர படத்தை ஒருக்கா எடுத்துத் தாவன்.”

பிலோமினா அம்மா. நாயாற்றுப் பக்கம் கடற்தொழில் செய்கிற குடும்பம். மகன் யூட், கடைசிச் சண்டையோடு காணாமற் போனவன்.

“படம் உங்களிட்ட இருக்குத்தானே அக்கா?” என்றார் ரஜனி அக்கா.

அவர் அந்த உறையை நீட்டினார். உள்ளே லமினேட் பண்ணிய படம். வெள்ளைச் சட்டை தெரிந்தது. கையில் பிடித்திருந்த மெழுகுதிரி கொஞ்சம் தெரிந்தது. முகம் இருக்கவேண்டிய இடத்தில் மஞ்சள் நிறம் மட்டும்.

“மாதா கோயில்ல முதல் நன்மை எடுத்தண்டு பிடிச்ச படம். காணாமற் போன பிள்ளையளைக் கேட்டு இருக்கிற வீதிக் கொட்டகையில இதைத்தான் தூக்கிக்கொண்டு இருக்கிறனான். வெயில் குடிச்சிட்டுது பிள்ளை. எனக்குத் தெரியும் எண்டதால என்ர கண்ணுக்குத் தெரியுது. மற்ற ஆக்களுக்குத் தெரியேல்லையாம்.”

நான் படத்தைக் கிட்டப் பிடித்துப் பார்த்தேன். எனக்கும் தெரியவில்லை. தெரிகிறது என்று பொய் சொல்ல நினைத்தேன்; அதற்குள் அவர் என் முகத்தை வாசித்துவிட்டார்.

“வேற படம் இல்லையோ அம்மா? சொந்தக்காரரிட்ட?”

“எல்லாரும் ஒரே வழியாலதானே ஓடினது.”

இந்தப் படத்தை ஓடும்போதெல்லாம் சட்டைக்குள் வைத்துக் காப்பாற்றியிருக்கிறார். பிறகு இந்தக் கந்தோருக்கு வந்து தன் கதையைச் சொன்னபோது, அப்போது வேலை செய்த ஒரு பிள்ளை படத்தை ஸ்கான் பண்ணி, ‘இனிப் பயமில்லை அம்மா, கொம்பியூட்டருக்குள்ள பத்திரமா இருக்கு’ என்று சொல்லியிருக்கிறது. அன்றிலிருந்துதான் அவர் அசலை வெயிலுக்குக் கொண்டுபோயிருக்கிறார்.

நினைத்துப் பாருங்கள். எங்கள் ஆட்களுக்கு வீட்டில் நம்பிக்கை இல்லை. வீடு என்பது எரியும், இடியும், விட்டுவிட்டு ஓடவேண்டி வரும். கந்தோர் அப்படியல்ல. கந்தோருக்குக் கேற் இருக்கிறது, வோச்சர் இருக்கிறார். ஆகவே அருமையான ஒரு பொருள் என்றால் கந்தோரில் கொடுத்துவிட்டு நிம்மதியாகப் படுப்போம். கந்தோர்களும் ஓடும் என்று யார் நினைத்தது?

“எந்த மெஷின் அக்கா?” என்று கேட்டேன். மடிக்கணினிகளின் பச்சைக் கோடு பாதியைத் தாண்டியிருந்தது.

“இதுகள் இல்லை,” என்றார் ரஜனி அக்கா. “இதுகள் பிறகு வந்தது. படங்கள் எல்லாம் பழைய பெரிய மெஷினுக்குள்ள. அது திடீரெண்டு நிண்டிட்டுது. ஒண்டையும் புதுசுக்கு மாத்த முடியேல்லை.”

“கொழும்புத் தலைமைக் கந்தோருக்கு ஒரு பிரதி அனுப்பியிருப்பியள்தானே?”

“பெயரே அனுப்பிறேல்லை தங்கச்சி. இலக்கம் மட்டும்தான். அவையின்ர பாதுகாப்புக்கெண்டு.”

சரியான முறை. நூற்றுக்கு நூறு சரியான முறை. நான் வகுப்பெடுத்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

“அப்ப அந்தப் பழைய மெஷின் எங்க?”

ரஜனி அக்கா மேசையை நேராக்குவதை நிறுத்தினார்.

“மணியண்ணை... அண்டைக்கு உங்களிட்டச் சொன்னனான்... அந்தப் பழுதாப்போன பெட்டியை என்ன செய்தனீங்கள்?”

மணியண்ணையின் முகம் மலர்ந்தது.

“அழிக்க வேணும் எண்டியள். வெளியில போகக்கூடாது எண்டியள். தங்கச்சியும் அப்பிடித்தானே எழுதியிருந்தது? தாட்டுப்போட்டன்.”

“என்னது?”

“தாட்டிட்டன், மண்ணுக்குள்ள. பெட்டி, ரீவி மாதிரி இருக்கிறது, கரண்டு போனா எரியிற அந்தப் பற்றரிப் பெட்டி - எல்லாம். பின்னுக்கு, கிணத்தடியில.”

“கிணத்தடியிலயோ அண்ணை?”

“அங்கதான் மண் இளகல். வெட்டச் சுகம்.”

சிரிக்காதீர்கள். எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஒரே தொழில்நுட்பம் அதுதான். இடம்பெயரும்போது தையல் மெஷினைப் புதைத்தோம், ரேடியோவைப் புதைத்தோம், காணி உறுதியையும் சேர்டிபிகேட்டையும் புதைத்தோம். அழிக்கவேண்டியதையும் அதே மண்ணுக்குள்தான் போட்டோம். ஒரு பொருள் மண்ணுக்குள் போனால் அது காப்பாற்றப்படுகிறதா, ஒழிக்கப்படுகிறதா என்று புதைத்தவனுக்கு மட்டும்தான் தெரியும்.

எனக்கு ஒரு நப்பாசை. “அண்ணை, நீங்கள் தையல் மெஷின் தாட்டனீங்களோ?”

“தாட்டனான்தான். திரும்பி வந்து கிண்டி எடுத்தம். இப்பவும் மனுசி அதிலதான் தைக்கிறா!”

“அப்ப இதுவும்...”

“இல்லைத் தங்கச்சி. அதுக்குக் கிறீஸ் பூசி, பொலித்தீன் சுத்தி, சாக்கில கட்டினது. இது அழிக்கிறதுக்கெண்டுதானே தாட்டது, இதுக்கேன் பொலித்தீன்? கெதியா உக்கட்டும் எண்டு உப்பும் போட்டனான்.”

“உப்போ!”

“செத்ததை உப்புப் போட்டுத்தானே புதைக்கிறது?”

நான் கதிரையில் இருந்துவிட்டேன். ஒரு ஹார்ட் டிஸ்க்குக்கு எதிராக இந்தப் பூமியில் செய்யக்கூடியவற்றுள் மிக மோசமானதை அந்த மனிதர் கடமை தவறாமல் செய்து முடித்திருந்தார். பிழை யாரில்? தன் வேலையை ஒழுங்காகச் செய்தவரில் எப்படிப் பிழை பிடிப்பது?

பிலோமினா அம்மா எழும்பிப் பின்பக்கம் நடந்தார். நாங்கள் அவருக்குப் பின்னால் போனோம்.

மணியண்ணை குத்தித் தோண்ட அலவாங்கைக் கொண்டுவந்தார். பிறகு அதை வைத்துவிட்டு மண்வெட்டியால் மெல்லச் சுரண்டினார். பிறகு அதையும் வைத்துவிட்டுக் கையால் அள்ளினார். மழை விட்டுச் சில நாட்கள்தான். தோண்டத் தோண்டக் குழிக்குள் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது. கடல் கிட்ட, தண்ணீர் உவர். உப்புப் போடாமலே உப்பு.

இந்த மாவட்டத்தில், மண் தோண்டுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கும் ஒரு தாயின் முகத்தை நான் உங்களுக்கு விவரிக்க வேண்டியதில்லை.

முதலில் பற்றரிப் பெட்டி வந்தது. வயிறு வீங்கி வெடித்து, வெள்ளையாகப் பூத்திருந்தது. கிணற்றுக் கட்டு கை எட்டும் தூரத்தில்.

“இந்தக் கிணத்தில ஆர் தண்ணி அள்ளுறது?” என்று கேட்டேன். வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பெண் கையை உயர்த்தினார். ஈயம், அமிலம், குடிக்கவேண்டாம் என்று நான் அவசர அவசரமாக விளங்கப்படுத்தினேன்.

“இவ்வளவு நாளும் குடிச்சாச்சு. இனியென்ன?” என்றார். பிறகு, “வேற கிணறு எங்க கிடக்கு?” என்று தன்பாட்டில் கேட்டுக்கொண்டு போனார். ரஜனி அக்கா ஓடிப்போய் வாளியை அவிழ்த்து உள்ளே கொண்டுபோய் வைத்தார். அதைத் தவிர அந்த நேரம் என்ன செய்யலாம் என்று எனக்கும் தெரியவில்லை. தண்ணீரைச் சோதிக்கக் கொடுக்க வேண்டும். எங்கே கொடுப்பது என்று இரண்டு கந்தோருக்குப் போன் எடுத்தேன்; ஒருவர் மற்றவரைச் சொன்னார்.

பிறகு பெட்டி வந்தது. மணியண்ணை தூக்கிச் சரித்தபோது ஒரு பக்கத்தால் தண்ணீர் ஓடியது... செம்மண் நிறத்தில், நிறுத்தாமல். மூடியை நெம்பினேன். உள்ளே சேறு. ஹார்ட் டிஸ்க்கின் முதுகில் துருக்கறள் சொரிசொரியாக ஏறியிருந்தது.

“மணி, இதுக்குள்ளேயோ என்ர பெடியன்?” என்று கேட்டார் பிலோமினா அம்மா.

மணியண்ணை குழியின் விளிம்பில் குந்தியிருந்தார். கொஞ்ச நேரத்தில், “எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே அக்கா, எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே...” என்று தொடங்கினவர் நிறுத்தவே இல்லை. பிலோமினா அம்மாதான் அவருக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார்.

கொழும்பில் பழுதான டிஸ்க்குகளிலிருந்து தரவு எடுக்கிற ஓர் இடத்துக்குப் போன் எடுத்தேன். தமிழ்ப் பொடியன் ஒருவன்தான் கதைத்தான். மண், மழை, உப்பு எல்லாவற்றையும் சொன்னேன்.

“கரண்ட் குடுக்காதேங்கோ. வெயில்ல வைக்காதேங்கோ, அரிசிக்குள்ள போடாதேங்கோ, காய்ஞ்சா உப்புப் பிடிச்சிடும். ஈரத்துணியில சுத்தி, காத்துப் போகாமக் கட்டிக்கொண்டு கெதியாக் கொண்டுவாங்கோ.”

“வருமோ?”

“உண்மையைச் சொல்லட்டோ அக்கா? பெரும்பாலும் வராது. உள்ளுக்கு இருக்கிற தட்டில உப்புத் தண்ணி எவ்வளவு போயிருக்கெண்டு திறந்தாத்தான் தெரியும். ஒவ்வொரு நாளும் அது அரிச்சுக்கொண்டுதான் இருக்கும்.”

“எங்களுக்கு ஒரே ஒரு படம்தான் வேணும். அதை மட்டும்...”

“அப்பிடிப் பொறுக்கேலாது அக்கா. வந்தா பெயர் இல்லாமத்தான் வரும். வாறது எல்லாத்தையும் திறந்து பார்த்துத்தான் எதெது எண்டு பிடிக்கலாம்.”

ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். எல்லோருக்கும் கேட்டது.

ரஜனி அக்கா எழும்பிக் கதவைச் சாத்தினார்.

“இது நடக்காது தங்கச்சி.”

“அக்கா?”

“இதுக்குள்ள படம் மட்டும் இல்லை. அந்தப் பெண்டுகள் தங்கட புருசன்மாருக்கும் சொல்லாததை என்னை நம்பிச் சொன்னவை. ‘உங்கட கதை இந்த அறையை விட்டு வெளியில போகாது, நாங்கள் போகேக்க அழிச்சிட்டுத்தான் போவம்’ எண்டு நான்தான் சத்தியம் பண்ணிக் குடுத்தனான். இப்ப ஆரோ ஒரு பொடியன் கொழும்பில இருந்து ஒவ்வொண்டாத் திறந்து பார்க்கிறதோ? நீங்கள்தானே தங்கச்சி எழுதினது?”

நான்தான் எழுதினேன். வேறு யார்? என் எழுத்தையே எடுத்து என் முன்னால் வைத்தார். அதில் ஒரு சொல்லைக்கூட என்னால் மாற்ற முடியவில்லை. என் பெரியம்மாவின் பெருவிரல் அடையாளம் ஓர் இரும்புக் கடையில் கிடந்ததற்கு நான் துள்ளினேன். இங்கே இருப்பது பெருவிரல் அடையாளம் இல்லை.

அதேநேரம், எனக்கு முன்னால் கதிரை நுனியில் ஒரு தாய். அவர் மடியில் முகம் இல்லாத ஒரு படம்.

“என்ர கதையும் அதுக்குள்ளதான் கிடக்கு,” என்றார் பிலோமினா அம்மா. “என்ரையை ஆரும் பார்க்கட்டும் ரஜனி. எனக்கு ஒண்டும் இல்லை.”

“உங்கட கதைக்கு நீங்கள் ஓம் எண்டலாம் அக்கா. மற்றவைக்கு?”

பிலோமினா அம்மா கதிரையை முன்னுக்கு இழுத்தார்.

“அப்ப அவையளிட்டக் கேப்பம். ஆர் எண்டு சொல்லு, நான் போய்க் கேக்கிறன். காலில விழுந்தாலும்...”

“ஆர் எண்டு உங்களுக்கும் சொல்லேலாது அக்கா. இஞ்ச வந்தவை எண்டு தெரிஞ்சாலே சிலபேருக்குக் கரைச்சல்.”

“அதுவும் சரிதான்,” என்றார் அவர். சரிதான் என்று சொல்ல அவருக்கு எப்படி மனம் வந்தது என்று நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கடைசியில் இப்படி முடிவானது. ரஜனி அக்காவே ஒவ்வொருவராகத் தேடிப் போய்க் கேட்பார். யாருக்காக என்று சொல்லமாட்டார். ஒரு பிள்ளையின் படத்துக்காக என்று மட்டும் சொல்வார். அவரிடம் வாகனம் இல்லை, கந்தோரின் வாகனம் எப்போதோ போய்விட்டது. ஆகவே என் ஸ்கூட்டியில் நான் ஏற்றிக்கொண்டு போவேன். ஒழுங்கை முகப்பிலேயே என்னை நிற்கச் சொல்லியிருக்கிறார். எந்த வீடு என்று எனக்குத் தெரியக்கூடாதாம். சிலர் கலியாணம் முடித்து வேறு ஊர். ஒருவர் வெளிநாட்டில். ஒருவர் செத்துப்போனார், அவருக்காக யாரிடம் கேட்பது என்று எங்கள் இருவருக்குமே விடை தெரியவில்லை.

“எல்லாரும் ஓம் எண்ட வேணுமோ?” என்று வாசலில் செருப்பைப் போட்டபடி கேட்டார் பிலோமினா அம்மா.

“ஓம் அக்கா. எல்லாரும்.”

தலையை ஆட்டினார். உறையைச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

டிஸ்க் இப்போது என் அறையில், ஈரத்துணிக்குள். தினமும் துணியை நனைக்கிறேன். உள்ளே என்ன அரிபடுகிறது என்று பார்க்க வழியில்லை. அழிப்பது எப்படி என்று ஊருக்கெல்லாம் சொல்லித் திரிந்தவள், ஒரு டிஸ்க் அழியாமல் இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டு இருக்கிறேன். அதைவிடக் கொடுமை, அது அழிந்துபோயிருந்தால் பரவாயில்லை என்றும் சில நேரம் தோன்றுகிறது. அப்படியானால் ஒருவரிடமும் போய் ஒன்றும் கேட்கவேண்டி வராது. இப்படி நினைக்கிற ஒருத்தியிடமா அந்த அம்மா தன் பிள்ளையைக் கொடுத்துவிட்டுப் போனார்?

ஆட்களின் பெயர்களையெல்லாம் மாற்றி எழுதிய இந்தப் பத்தியை அச்சுக்குக் கொடுத்துவிட்டு, நாளைக் காலை முல்லைத்தீவுக்குப் புறப்படுகிறேன். ஸ்கூட்டிக்குப் பெற்றோல் அடித்தாயிற்று. கடற்கரைப் பக்கமாகத் தொடங்குவதாக ரஜனி அக்கா சொன்னார்.

முதல் வீட்டில் ‘வேண்டாம்’ என்று சொல்லிவிட்டால், இரண்டாவது வீட்டுக்குப் போகவேண்டிய தேவை இராது.